டூலன் வீட்டுக்காக அழுதவள்

பெயர்: எஸ். டூலன். வயது: அறுபத்திரண்டு. வம்சாவளி: ஐரோப்பியர். முன் அனுபவம்: ராணுவம். குணநலன்: அச்சமற்றவர், சந்தேகத்துக்கிடமான நடமாட்டத்தை உடனே கண்டறியக்கூடியவர், வன்முறைச் சூழலில் நிதானம் இழக்காமல் தலையிடும் பயிற்சி பெற்றவர்.

தியாகராய நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்குக் காவலர்களை அனுப்பும் நிறுவனம், ஷெல்டன் டூலனைப் பற்றி எழுதிக் கொடுத்த சான்று இது. இதில் பெயரும் வயதும் உண்மை. ராணுவத்தில் இருந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. "குடும்பத்துல யாராச்சும் மிலிட்டரியா சார்?" என்று நிறுவனத்து ஆள் கேட்டான். ஷெல்டன் கொள்ளுத்தாத்தாவைச் சொன்னார். "போதும் சார்" என்று எழுதிக்கொண்டான். ஷெல்டன் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருஷம் காகிதங்களுக்கு முத்திரை குத்தியவர். நாய்க்குப் பயப்படுவார், லிஃப்டுக்குப் பயப்படுவார், ஊசிக்கு முன்கூட்டியே மயங்குவார். கடையில் ஒருநாள் இரண்டு பெண்கள் ஒரே புடவையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு சண்டையிட்டபோது, பயிற்சி பெற்ற நிதானத்தோடு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

கடை முதலாளி பொன்ராஜ் அண்ணாச்சிக்கு முதல் நாளே ஏமாற்றம்.

"பேரக் கேட்டு வெள்ளக்காரம்லா வாராம்னு நெனச்சேன். வந்து நிக்கது நம்ம நாசரேத்து ஆளாட்டம்லா இருக்கு. கூப்பிட்டா இங்கிலீஷாவது பேசுவீரா?"

"பேசுவேன் அண்ணாச்சி."

"அப்ப ஒண்ணு செய்யும். கஸ்டமர் வந்தா குட் ஈவினிங் சொல்லும். களவாணிப்பய வந்தா பேசாம நில்லும். ஒசரத்தப் பாத்தே ஓடிருவான்."

அப்படித்தான் ஆறடி ஒரு அங்குலம் வாசலில் நின்றது. அந்த உயரத்தின் இடுப்புப் பையில், தடியும் விசிலும் இருக்க வேண்டிய இடத்தில், எப்போதும் ஒரு தமிழ்க் காதல் நாவல் இருந்தது.

ஷெல்டனின் தாய்மொழி ஆங்கிலம் என்று அவருடைய ஆங்கிலோ இந்தியச் சமூகம் சொல்லும். டூலன் வீட்டில் ஆங்கிலம் ஜெபத்துக்கும் சண்டைக்கும் பயன்பட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ். காதலுக்கு மட்டும், அச்சடித்த தமிழ். ஷெல்டனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் பிறருடைய கல்யாணங்களை அவர் ஆயிரக்கணக்கில் முடித்துவைத்திருக்கிறார். எந்த நாவலையும் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, தாலி ஏறிவிட்டதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் முதல் பக்கத்தைத் திறப்பார். அவருக்குப் பிடித்த கதாநாயகன் ஒரே அச்சு. பணக்காரன், கோபக்காரன், அளந்து பேசுபவன். மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடிப்பான். ஏழாம் அத்தியாயத்தில் அவளை அறையில் வைத்துப் பூட்டுவான். பதினைந்தில், அவன் பூட்டியதெல்லாம் அன்பினால்தான் என்று அவளுக்குப் புரிந்துவிடும். ஷெல்டன் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஈ எறும்புக்குக்கூடக் குரல் உயர்த்தாத மனிதருக்கு, பூட்டுகிற ஆண்கள்மேல் இப்படி ஒரு பிரியம்.

புத்தகம் கிடைக்கும் இடம், மந்தைவெளி மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஷரீஃப் பாயின் வாடகை நூல்நிலையம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. காதல் நாவல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், படித்ததையே மறுபடி எடுத்துப் போய் ஏமாறாமல் இருக்க, வாசகர்கள் பதினேழாம் பக்கத்தின் மூலையில் ஆளுக்கொரு அடையாளம் போட்டுவைப்பார்கள். ஒருவர் நட்சத்திரம் போடுவார், ஒருவர் பெருக்கல் குறி. ஷெல்டன் பச்சைப் பேனாவால் மூன்று இலை வரைவார். அயர்லாந்தின் இலை.

அயர்லாந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்க் என்ற ஊரிலிருந்து பேட்ரிக் டூலன் என்ற சிப்பாய் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் மதராஸில் வந்து இறங்கினார். வெயில் தாங்காமல் பட்டாளத்தை விட்டு, பெரம்பூரில் ஒரு பெண்ணைக் கட்டி, பிறகு வெயில் தாங்கப் பழகிக்கொண்டார். அவர் விட்டுச் சென்ற சொத்து, ஒரு பித்தளைப் பொத்தான், பாதி நினைவிருக்கும் ஒரு மெட்டு, அப்புறம் ஒரு பெண். இந்தப் பெண்ணை யாரும் பார்த்ததில்லை. டூலன் குடும்பத்தில் ஒருவர் சாகப் போகிறார் என்றால், வீட்டுக்கு வெளியே எங்கோ நின்று, தலையைக் கோதியபடி அழுவாள். ஐரிஷ்காரர்களின் பழைய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒருத்தி உண்டாம். ஷெல்டனின் பெரியப்பா போவதற்கு முன் அப்பா கேட்டிருக்கிறார். அப்பா போவதற்கு முன் அக்கா நோரா கேட்டிருக்கிறாள். ஷெல்டன் கேட்டதில்லை. கேட்க வேண்டாம் என்பதற்காகவே மழைக்காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

இப்போது பூமியில், டூலன் குடும்பத்தின் மதராஸ் கிளையில், மிச்சம் இருப்பது இரண்டே பேர். ஷெல்டன், கான்வென்டில் குழந்தைகளுக்கு ஏ பி சி சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்ற நோரா. மந்தைவெளியில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டாவது மாடியில் இருந்தார்கள். அவர்களுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில், அஸ்வத்தும் அவன் மனைவி மதுமதியும்.

மதுமதியும் ஷரீஃப் பாய் கடை வாசகிதான். அவளுடைய அடையாளம், நான்கு புள்ளி வைத்துச் சுற்றி இழுத்த சின்னக் கோலம். ஷெல்டன் அவளுக்கு அங்கிள், நோரா அக்கா. படிக்கட்டில் பார்த்தால் அவளும் ஷெல்டனும் உலக விஷயம் பேசுவார்கள்.

"அங்கிள், அந்த ஊட்டி எஸ்டேட் கதை முடிச்சிட்டீங்களா?"

"முட்ச்சிட்டேம்மா. அவன் இன்னா ஆளு! கோவத்துல போனைத் தூக்கிக் கடாசறான் பாரு, அங்கதான் நின்னான்."

"எனக்கு அவனைப் பார்த்தா பயமா இருந்துச்சு அங்கிள்."

"சீ, லவ்வுமா அது" என்றார் ஷெல்டன்.

அவள் சிரித்தாளா என்று அவருக்கு நினைவில்லை.

அஸ்வத் பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். மத்தியானம் கிளம்பினால் நடுநிசிக்கு மேல் வருவான். அந்தக் குடியிருப்பில் அவனைப் போல மரியாதையானவன் இல்லை. நோராவின் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு மேலே வருவான். அளந்து பேசுவான். ஷெல்டனுக்கு அவனைப் பார்த்தாலே ஏதோ ஏழாம் அத்தியாயத்தில் பார்த்த ஞாபகம் வரும்.

தீபாவளிக்கு முன், கடையில் மூச்சுவிட நேரமில்லாத நாட்களில், அஸ்வத் படிக்கட்டில் நின்று சொன்னான்.

"மதுவை சேலத்துல அவங்க அம்மா வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன் அங்கிள். கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு."

"விசேஷமா நைனா?"

அஸ்வத் அழகாகச் சிரித்தான். மறுநாளிலிருந்து மூன்றாவது மாடிக் கதவில், வெளியே, பெரிய பூட்டு ஒன்று தொங்கியது.

அந்த வாரம்தான் அழுகை தொடங்கியது.

மாலை ஆறு மணி. சாந்தோம் கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. நோரா ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷெல்டனுக்கு அந்த மாதம் காலை ஷிஃப்ட், ஐந்து மணிக்கே வந்துவிட்டார். குளியலறைக்குப் பின்னால், குழாய்கள் இறங்கும் இருட்டுச் சந்திலிருந்து அது வந்தது. உயரவும் இல்லை, அடங்கவும் இல்லை. ஒரே சுருதியில் ஒரு பெண் அழுதாள்.

நோரா ஜெபத்தை நடுவில் நிறுத்தினாள். அவள் ஜெபத்தை நடுவில் நிறுத்தி ஷெல்டன் பார்த்ததே இல்லை.

"கேக்குதா மேன்?"

"மேல யாரோ..."

"மேல யார் இருக்கா? பூட்டு தொங்குது."

"கீழ?"

"கீழ வெங்கடரமணன் சார் ஒருத்தர். அவர் அழுதா இப்டியா இருக்கும்?"

ஷெல்டன் குளியலறை ஜன்னலண்டை போய் நின்றார். சந்துக்குள் மழைத்தண்ணீர் சொட்டியது. அழுகை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. அந்த மாதிரிச் சந்தில் எல்லாச் சத்தமும் எல்லாத் திசையிலிருந்தும்தான் வரும்.

"நமக்கு ஓ கிடையாதே நோரா" என்றார் மெல்ல. ஓ'டூலன் என்பதுபோலப் பெயருக்கு முன்னால் 'ஓ' இருக்கும் ஐரிஷ் குடும்பங்களுக்குத்தான் அவள் அழுவாள் என்று அப்பா சொன்னதுண்டு.

"கப்பல்ல வரும்போது கொள்ளுத்தாத்தா அதைத் தொலைச்சிட்டார். அவளுக்குத் தெரியாதா?"

இங்கே வாசகரிடம் மறைக்க ஒன்றுமில்லை. அழுதது மதுமதி. அவள் சேலம் போகவில்லை. பூட்டுக்கு உள்ளே இருந்தாள். அவளுடைய கைபேசியை அஸ்வத் எடுத்து வைத்துக்கொண்டான். அவள் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றைக் கண்டுபிடித்த அன்றைக்கு, வீட்டிலிருந்த பேனா பென்சிலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனான். சத்தம் போட்டால் என்ன நடக்கும் என்பதை, குரலை உயர்த்தாமல், அளந்து சொல்லியிருந்தான். அவன் இல்லாத நேரத்தில் அவளுக்குத் துணிவு வந்த ஒரே இடம் குளியலறை. நேர் கீழே இரண்டு பேர் அவள் அழுவதை ஒரு விம்மல் விடாமல் கேட்டார்கள். கேட்டு, தங்கள் சாவுக்குத் தயாரானார்கள்.

நோரா முறையாகச் செய்தாள். பீரோவிலிருந்து வெள்ளைக் கவுனை எடுத்து இஸ்திரி போட்டு, "இது எனக்கு" என்று கட்டில்மேல் வைத்தாள். ஷெல்டனுடைய கோட்டுக்குப் பொத்தான் தைத்து, "இது உனக்கு, யாருக்கு முந்தின்னு தெரியலையே" என்று பக்கத்தில் வைத்தாள். ஷெல்டன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். சொல்லப் பாவம் அதிகம் கிடைக்காமல், காதல் நாவல்களைச் சொன்னார். சாமியார் அதைப் பாவத்தில் சேர்க்காதது அவருக்குச் சற்று வருத்தம்.

கல்லறைத் திருநாளன்று இருவரும் சாந்தோம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அப்பா அம்மா கல்லறைக்குச் சாமந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். கடல் காற்றில் அது நிற்கவே இல்லை. நோரா பக்கத்திலிருந்த புல் தரையைக் காலால் அளந்தாள்.

"ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. ஆனா நீ நீட்டு. காலை மடக்கித்தான் வைக்கணும்."

"விளையாடாத நோரா."

"யார் விளையாடறா?"

அன்று மாலை அழுகை மாறியது. அழுகைக்கு நடுவில் ஒரு சொல் வந்தது. சந்தின் ஈரச் சுவர்களில் மோதி, தெளிவாக, இரண்டு தடவை: "அக்கா... அக்கா..."

நோரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைத்தான் மேன். நான்தான் அக்கா."

ஷெல்டனுக்கு முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. "அவ அயர்லாந்துக்காரியாச்சே. தமிழ்ல இன்னாத்துக்குக் கூப்ட்றா?"

"நூத்தம்பது வருஷமா மெட்ராஸ்ல இருக்கா. கத்துக்க மாட்டாளா?" என்றாள் நோரா.

அந்தப் பதிலில் குறை சொல்ல எதுவும் இல்லை. பேட்ரிக் டூலனே ஐந்து வருஷத்தில் கற்றுக்கொண்டாரே. ஷெல்டன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை முடியும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நோரா ஜன்னல் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அதோடு, அழுகை நின்றது.

முதல் மாலை, மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தார்கள். மறுநாள் மழை விட்டிருந்தது, அப்போதும் இல்லை. குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம்கூட இல்லை. மூன்றாம் நாள் நோராவுக்கு நல்ல பசி எடுத்தது. வெள்ளைக் கவுன் பீரோவுக்குத் திரும்பியது. "வேற டூலன் யாராவது எங்கேயாவது செத்திருப்பான், பாவம்" என்று சொல்லி மீன் குழம்பு வைத்தாள். ஷெல்டன் நிம்மதியாக, ஷரீஃப் பாய் கடைக்குக் கிளம்பினார்.

ஷரீஃப் பாய் ஆங்கிலோ இந்தியர் எல்லோரையும் சார்ஜென்ட் என்றுதான் கூப்பிடுவார்.

"வா சார்ஜென்ட்டு! எங்க ஆளையே காணோம்? பாடி கீடி வுழுந்துச்சோன்னு நெனச்சேன்."

"வுழ இருந்துச்சு பாய். தப்பிச்சுது."

"இந்தா, புச்சு. இந்த மாசம் வந்தது. ஹீரோ செம கோவக்காரன், ஒனக்குன்னே எட்த்து வச்சேன். ஒரே ஒரு ஆளுதான் படிச்சிகீது. ஒங்க மேல் மாடித் தம்பி எட்த்துனு போயி முந்தாநேத்து குட்த்துச்சு."

"அஸ்வத்தா? அவன் இதெல்லாம் படிப்பானா?"

"யாரு கண்டா? அந்தப் பொண்ணு ஊருக்குப் போனதுலேர்ந்து வாரம் நாலு எட்த்துனு போவுது. வைஃப் ஞாபகம் போல. லவ்வு, சார்ஜென்ட்டு, லவ்வு!"

பிரிவுத் துயரில் மனைவி படிக்கும் கதைகளைப் படிக்கும் கணவன்! எந்த நாவலிலும் அவர் இதைப் பார்த்ததில்லை. தெருவிளக்கின் கீழே நின்று, வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். தாலி ஏறியிருந்தது. அடையாளம் போடுவதற்காகப் பதினேழாம் பக்கத்தைத் திறந்து, பச்சைப் பேனாவை எடுத்தார்.

மூலை காலியாக இருந்தது. பேனா வைக்கப் போனபோது விளக்கு வெளிச்சம் சாய்வாக விழுந்து, தாளில் நான்கு குழி தெரிந்தது. நகத்தால் அழுத்திய நான்கு புள்ளி. சுற்றிலும் நகத்தாலேயே இழுக்கப் பார்த்துத் தாள் கிழிந்த ஒரு கோடு.

ஷெல்டன் திரும்பிக் கடைக்குள் போனார். அஸ்வத் திருப்பிக் கொடுத்த மற்ற புத்தகங்களைக் கேட்டார். ஷரீஃப் பாய் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் பதினேழாம் பக்கம். நகம், நகம், நகம். ஒன்றில் புள்ளி மூன்றுதான் இருந்தது.

"இன்னா சார்ஜென்ட்டு? மூஞ்சி ஏன் இப்டிப் போச்சு?"

"பாய், இந்த மாசம் வந்த புஸ்தகத்துல, சேலத்துல இருக்கிற பொண்ணு எப்டி மார்க் போடும்?"

ஷெல்டன் பதிலுக்கு நிற்கவில்லை. மார்க்கெட் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நடந்தபோது அவருக்குக் கேட்டதெல்லாம் அந்த 'அக்கா'தான். அவர்கள் ஜன்னலைச் சாத்தித் தாழிட்ட அந்த 'அக்கா.' அவள் கூப்பிட்டது நோராவை. நோரா சொன்னது சரி. அழுகை நின்று மூன்று நாளாயிற்று என்பதும், அதற்குத் தாங்கள் மீன் குழம்பு வைத்தோம் என்பதும் வீட்டுப் படியேறும்போது நினைவுக்கு வந்தன.

"நோரா, போலீஸுக்குப் போன் போடு. மேல மதுமதி உள்ள இருக்கு."

"என்ன மேன் உளர்றே?"

"அழுதது அதுதான். போடு!"

நோராவுக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. விளங்கியதும் அவள் போனைத் தேடி ஓடினாள். ஷெல்டன் சமையலறைக்குள் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டார். குழவி இரண்டு தடவை கதவு நிலையில் இடித்தது.

மூன்றாவது மாடியில் விளக்கு எரியவில்லை. பூட்டு தொங்கியது. ஷெல்டன் கதவில் காதை வைத்தார்.

"மதும்மா?"

ஒன்றுமில்லை. உள்ளிருந்து புழுங்கிய வாசனை வந்தது.

"மதும்மா, நான்தான், கீழ் வீட்டு அங்கிள்."

எங்கோ உள்ளே, தரையில் ஏதோ உராய்ந்தது. அல்லது அவர் அப்படி நினைத்துக்கொண்டார்.

முதல் அடி பூட்டில் படாமல் கதவில் பட்டது. இரண்டாவதற்குக் கையை ஓங்கியபோது கீழே காலடிச் சத்தம் கேட்டது. வேளச்சேரியில் தண்ணீர் ஏறிவிட்டதென்று அன்று அலுவலகங்களில் எல்லோரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டிருந்தார்கள். அஸ்வத் நனைந்த குடையை மடக்கியபடி, அவசரமில்லாமல், மேலே வந்தான். குழவியைப் பார்த்தான். ஷெல்டனைப் பார்த்தான்.

"அங்கிள்" என்றான் அன்பாக. "என்ன இது, உங்க வயசுக்கு?"

"தெற நைனா."

"உடம்பு சரியில்லையா உங்களுக்கு? கை நடுங்குது பாருங்க. கீழ போங்க, நான் வந்து பேசறேன்."

"மது உள்ள கீது."

அஸ்வத் ஒரு படி ஏறினான். சாவியை எடுத்தான். திறக்க அல்ல, கையில் வைத்துச் சுழற்ற. "இது புருஷன் பொண்டாட்டி விஷயம் அங்கிள். உங்களுக்குத் தெரியாதா? எத்தனை கதை படிக்கிறீங்க. நான் அவளை எவ்ளோ லவ் பண்றேன்னு உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்."

ஷெல்டனுக்குப் புரிந்தது. அந்த வசனம் அவருக்கு மனப்பாடம். ஆயிரம் தடவை அதற்காகக் கண்ணைத் துடைத்திருக்கிறார். இவ்வளவு பக்கத்தில் நின்று, ஈரக் குடையோடு அதை யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. ஊசியைப் பார்த்தால் வருவதைப் போலக் கண் இருட்டியது. கீழே நோரா யாரிடமோ போனில் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தாள்.

அஸ்வத் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

ஷெல்டன் பிடித்த கையோடு சேர்த்துக் குழவியைத் தூக்கினார். பிடி விட்டுப்போன அஸ்வத் ஈரப் படிகளில் சறுக்கிக் கீழே போனான். ஷெல்டன் பூட்டை உடைத்தார். கதவைத் திறந்து உள்ளே போய், குளியலறைத் தரையில் கிடந்த மதுமதியைத் தூக்கிக்கொண்டு, படியிறங்கி, உயிரோடு நோராவிடம் கொண்டுவந்து சேர்த்தார்.